சூரியனுக்குக் கூண்டு ஏற்றுவதில்லை

இதை நான் சரியாகச் சொல்வேனா என்று எனக்கே பயமாக இருக்கிறது, தங்கச்சி. முன்னால் சொல்ல வேண்டியதைப் பின்னால் சொல்லிவிடுவேன். கணக்கெல்லாம் தப்பிவிடும். அந்தச் செயற்கைக்கோள் நம்மிடமிருந்து பதினைந்து லட்சம் கிலோமீட்டரில் நிற்கிறதா, பதினைந்து கோடியா? லட்சம்தான். கோடி சூரியனுக்கு. பாருங்கள், தொடங்கும்போதே குழப்புகிறேன். நான் ஆறாவதோடு நின்றவள். அதுவும் முழுசாக முடிக்கவில்லை. அரைப் பரீட்சையோடு நண்டுக் கம்பெனிக்குக் கூட்டிப்போய்விட்டார்கள்.

நீங்கள் கரூர் என்றீர்கள். அப்பாவுக்குத் திதி கொடுத்துவிட்டு நாளைக்கே திரும்பிவிடுவீர்கள். அதனால்தான் சொல்கிறேன். எங்கள் கரை ஆள் யாராவது இந்த சீட்டில் இருந்திருந்தால் பாம்பன் வரும்வரை வாயைத் திறந்திருக்க மாட்டேன். தூங்குகிற மாதிரிக் கண்ணை மூடிக்கொண்டிருப்பேன். எட்டு மாதமாக அப்படித்தான் பஸ்ஸில் போய்வருகிறேன்.

என் பேர் செலஸ்தீன். என் வீட்டுக்காரர் சந்தியாகு விசைப்படகு டிரைவர். படகு அவருடையது இல்லை, முதலாளியுடையது. அவர் இப்போது இலங்கையில் ஜெயிலில் இருக்கிறார். எல்லை தாண்டினார் என்று வழக்கு. முதல் தடவை பிடிபட்டால் எச்சரித்து அனுப்பிவிடுவார்கள். இவருக்கு இது இரண்டாவது தடவை. இரண்டு வருஷம் போட்டுவிட்டார்கள். அவருக்குச் சர்க்கரை இருக்கிறது. கால் விரல் ஒன்று கறுத்துவிட்டதாம். அவரோடு பிடிபட்டுப் போன மாதம் திரும்பி வந்த ஒரு பையன் சொன்னான். அப்பீல் அடுத்த மாதம் வருகிறது. அதிலும் தள்ளிவிட்டால் அவர் நடந்து வருவார் என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

உங்களுக்கு எல்லை என்றால் வேலி மாதிரித் தோன்றும். தண்ணீரில் என்ன வேலி? கோடு ஜிபிஎஸ் திரையில்தான் இருக்கிறது. எங்கள் கடலும் அகலம் இல்லை. கொஞ்சம் ஓடினால் கோடு வந்துவிடும். மீனெல்லாம் கோட்டுக்குப் பக்கத்தில்தான் கிடக்கும். எங்கள் ஆட்கள் அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டு கோட்டை ஒட்டி ஒட்டி வலை இழுப்பார்கள். அப்பாவுடைய காலத்தில் மலை, கோபுரம், வானத்து வெள்ளி என்று கணக்குப் பார்த்தார்கள். இப்போது யாருக்கும் அது தெரியாது. திரை சொன்னால் சரி.

சரி, செயற்கைக்கோளுக்கு வருகிறேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு தொண்டு நிறுவனத்தார் எங்கள் கோயில் மண்டபத்துக்கு வந்தார்கள். சோதனைக்காக ஒரே ஒரு கரையைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம், அது உங்கள் கரை என்றார்கள். ஒரு பெண்ணைத் 'தகவல் தோழி'யாக வைப்போம், அவள் போனுக்குக் குரல் செய்தி வரும், கேட்டுக் கரைக்குச் சொல்ல வேண்டும் என்றார்கள். ஆம்பிளைகள் போனைக் கடலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள், அங்கே டவர் கிடைக்காது, அதனால் பெண். யாரும் கை தூக்கவில்லை. டெல்மாதான் என் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டாள். "எங்க அக்கா நல்லாப் பேசும், மேடம்! வாயிக்குப் பூட்டே கெடையாது!" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். டெல்மா என்னோடு நண்டுக் கம்பெனியில் சதை எடுக்கிறவள். இருபத்தாறு வயது. அவள் புருஷன் இன்னாசி என் வீட்டுக்காரர் படகில்தான் போவான். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்துமதி மேடம் என்று ஒருத்தர் வந்து விளக்கினார். சின்ன வயசு, மெதுவான பேச்சு. சூரியனையே பார்த்துக்கொண்டிருக்க ஒரு செயற்கைக்கோளை அனுப்பியிருக்கிறார்கள், அது நமக்கும் சூரியனுக்கும் நடுவில் நம் பக்கமாக நிற்கிறது, அதற்கு இரவே கிடையாது என்றார். சூரியனில் அவ்வப்போது பெரிய வெடிப்பு வருமாம். அந்த வீச்சு நம் பக்கம் திரும்பினால் இரண்டு மூன்று நாளில் இங்கே வந்து சேருமாம். நம் மேலே படாது, ஆனால் வானத்தின் மேல்தட்டைக் கலக்கிவிடும். "கலங்குன தண்ணிக்குள்ள காசு கெடந்தா எடம் மாறித் தெரியும் இல்லையா? சில நேரம் தெரியாமலே போயிரும். ஜிபிஎஸ்ஸும் அப்படித்தான்" என்றார்.

நான் எழுந்து கேட்டேன். "மேடம், காத்துப் புயலுன்னா பாம்பன்ல கூண்டு ஏத்துவாங்க. ஒண்ணாம் நம்பர், மூணாம் நம்பர்னு ஊரே பாத்துத் தெரிஞ்சுக்கும். டோக்கன் குடுக்க மாட்டாங்க, படகு போகாது. சூரியனுக்கு எத்தனாம் நம்பர் ஏத்துவீங்க?"

மண்டபமே சிரித்தது. மேடம் சிரிக்கவில்லை. "நல்ல கேள்வி" என்று நோட்டில் எழுதிக்கொண்டார். எழுதிக்கொண்டதோடு சரி. கூண்டு ஏற்றியிருந்தால் இன்றைக்கு நான் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து இதைச் சொல்லிக்கொண்டிருக்க மாட்டேன். இதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். தப்பு எங்கே தொடங்கியது என்று யாரும் பார்ப்பதில்லை.

முதல் செய்தி வந்தது ஒரு புதன்கிழமை. "சூரியனில் வெடிப்பு, நாளை மாலை முதல் இடம் காட்டும் கருவிகள் தவறாகக் காட்டலாம், எல்லைக்கு அருகே தொழில் செய்ய வேண்டாம்" என்று ஒரு பெண் குரல், செய்தி வாசிக்கிற மாதிரி. நான் எப்படி ஓடினேன் தெரியுமா? கையில் நண்டு வாடையோடு சங்கத் தலைவர் வீட்டுக்கு ஓடினேன். அவர் மைக்கில் சொன்னார். பாதிப் படகு போகவில்லை. என் வீட்டுக்காரரும் போகவில்லை. பெண்டாட்டி சொல்லி ஊரே நிற்கும்போது அவர் எப்படிப் போவார்?

ஒன்றுமே நடக்கவில்லை. வெயில் அடித்தது, சாயங்காலம் ஆனது, விடிந்தது. போன படகெல்லாம் இறாலை அள்ளிக்கொண்டு வந்தது. இரண்டு வருஷத்தில் அப்படி ஒரு மீன்பாடு பார்த்ததில்லை என்றார்கள். வெடிப்பு பக்கவாட்டில் ஒதுங்கிப் போய்விட்டது என்று மறுநாள் ஒரு செய்தி வந்தது. அதை யாரிடம் போய்ச் சொல்வது?

அதற்குப் பிறகு எனக்குச் 'சூரியம்மா' என்று பேர். குழாயடியில் நின்றால், "சூரியம்மா, இன்னைக்கித் துணி காயுமா? கேட்டுச் சொல்லு" என்பார்கள். ஏலக் கொட்டகையில் ஒரு கிழவன் என்னைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டு மூன்று சுற்றுச் சுற்றினான். நான் தாங்கிக்கொண்டேன். என் வீட்டுக்காரர் தாங்கவில்லை. படகில் அவரை 'சூரியம்மா புருஷன்' என்று கூப்பிட்டிருக்கிறார்கள். இன்னாசிதான் முதலில் கூப்பிட்டானாம். விளையாட்டுக்குத்தான். அவன் எல்லாரையும் அப்படிக் கேலி செய்வான்.

அன்றைக்கு அவர் சோற்றைத் தொடாமல் எழுந்தார். "இன்னொரு வாட்டி அந்தப் பொம்பளக் கொரலக் கேட்டுட்டு வந்து கரையில ஒளறுன, நான் படகேற மாட்டேன். மருதைக்குப் போயி மூட்ட தூக்குவேன். பாத்துக்க" என்றார்.

இதை அவரே சொன்னார், தங்கச்சி. அவர் வாயால் சொன்னார். அப்பீலில் இதை எழுத முடியுமா?

இரண்டாவது செய்தி வந்தது எட்டு மாதத்துக்கு முன்னால், ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம். மறுநாள் சனிக்கிழமை, படகுகளுக்கு டோக்கன் கொடுக்கிற நாள். நான் கம்பெனியில் மேஜைக்கு முன்னால் இருந்தேன். டெல்மா பக்கத்தில். இரண்டு பேர் முழங்கையும் இடிக்கும், அவ்வளவு பக்கம். போன் அடித்தது. புறங்கையால் எடுத்துக் காதில் வைத்தேன். அதே குரல். முன்னைவிடப் பெரிய வெடிப்பு, நேராக நம் பக்கம் வருகிறது, சனி மாலை முதல் ஞாயிறு காலை வரை கருவிகள் நின்றே போகலாம், திரையை நம்ப வேண்டாம். கடைசி வரியை இரண்டு தடவை சொன்னது.

டெல்மா சிரித்துக்கொண்டே கேட்டாள், "என்னக்கா, சூரியன் என்ன சொல்லுது?"

மேஜையில் பதினெட்டுப் பேர் இருந்தார்கள். அத்தனை பேரும் நண்டை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள். சிரிக்கத் தயாராக இருந்தார்கள்.

"ஒண்ணுமில்லடி. ரீசார்ஜ் முடியப் போகுதாம்" என்றேன்.

அவ்வளவுதான். அதற்கு மேல் நான் ஒன்றும் செய்யவில்லை. யாரையும் அடித்தேனா? யாரிடமும் திருடினேனா? வீட்டுக்கு வந்து அவருக்குச் சொல்லலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. அவர் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு நல்ல மனசோடு இருந்தார். மூட்டை தூக்குவேன் என்று சொன்னாரே, அது ஞாபகம் வந்தது. சாப்பாடு போட்டேன். வெளியே வந்து வானத்தைப் பார்த்தேன். ஒரு மேகம் இல்லை. போன தடவை மாதிரி ஒதுங்கிப் போய்விடும் என்று மாதாவிடம் சொல்லிவிட்டுப் படுத்தேன்.

ஒதுங்கவில்லை.

கடலில் நடந்ததை அந்தத் திரும்பி வந்த பையன்தான் சொன்னான். படகில் போனது ஐந்து பேர். இருட்டினதும் திரையில் படகுப் புள்ளி ஒரே இடத்தில் நின்றுவிட்டதாம். கோட்டுக்கு இந்தப் பக்கம், பத்திரமான இடத்தில். இவர் அதை நம்பி வலையை இழுத்திருக்கிறார். நீரோட்டம் அந்தப் பக்கம் தள்ளியிருக்கிறது. புள்ளி அசையவே இல்லையாம். பிறகு மணல்திட்டில் ஏறிப் படகு சாய்ந்தது. இன்னாசி பின்பக்கம் கயிற்றில் நின்றிருந்தான். சாய்ந்த பக்கம் போனவன்தான். விடிந்ததும் இலங்கை நேவிக்காரர்கள் வந்தபோது நாலு பேர்தான் இருந்தார்கள். மூன்று பேர் முதல் தடவைக்காரர்கள், ஒவ்வொருத்தராக விட்டுவிட்டார்கள். இவர் இருக்கிறார். இன்னாசி உடம்பு இன்னும் கிடைக்கவில்லை.

சேதி வந்த மூன்றாம் நாள் சங்கத்தில் கூட்டம் போட்டார்கள். தலைவர் எல்லார் முன்னாலும் கேட்டார், "செலஸ்தீனு, அந்தச் சூரியன் சேதி ஏதும் வந்துச்சா ஒனக்கு?"

டெல்மா கூட்டத்தின் நடுவில் தலைவிரி கோலமாக உட்கார்ந்திருந்தாள்.

"வரல" என்றேன். யோசித்துச் சொல்லவில்லை. வாய் தானாகச் சொன்னது.

பின்னால் ஒருத்தி, "வந்துருக்கும், இவ சொல்லிருக்க மாட்டா" என்று முணுமுணுத்தாள். டெல்மா அழுகையை நிறுத்திவிட்டு எழுந்தாள். "யாருடி அவ? அக்காவுக்கு வந்துருந்தா மொதல்ல எனக்குத்தான சொல்லிருக்கும்? நான் பக்கத்துலதான இருந்தேன்? அதுவும் புருஷனத் தொலச்சிட்டுத்தான நிக்குது!" என்று கத்தினாள். அதோடு எல்லாரும் அடங்கிவிட்டார்கள்.

அன்றிலிருந்து டெல்மா என் வீட்டில்தான் படுக்கிறாள். தனியாக இருக்கப் பயமாம். என் முதுகை ஒட்டிப் படுப்பாள். எனக்குத் தூக்கம் வராது. உடம்பில் நீர் ஏறுகிறது, சாப்பாடு இறங்கவில்லை. டாக்டர் மாத்திரை கொடுத்தார். எனக்கு யார் இருக்கிறார்கள், சொல்லுங்கள்.

கேட்கப் போகிறீர்கள், தெரியும். சொல்லியிருந்தால் நின்றிருப்பார்களா என்று. நின்றிருக்க மாட்டார்கள். சிரித்திருப்பார்கள். அதை நான் பைபிளில் கை வைத்துச் சொல்வேன். ஆனால் டெல்மா சிரித்திருக்க மாட்டாள். அவள் இன்னாசியை ஏதாவது சொல்லி நிறுத்தியிருப்பாள், வயிற்று வலி என்று பொய் சொல்லியாவது. அவள் அப்படிப்பட்டவள்.

இப்போது வக்கீல் கதைக்கு வருகிறேன். எங்கள் பங்குச் சாமியார் ஏற்பாடு செய்த வக்கீல், தேவநேசன் என்று பேர். நல்ல மனுஷன். போன வாரம் வீட்டுக்கே வந்தார். அப்பீலுக்கு ஒரே ஒரு வழி இருக்கிறது என்றார். அவர் வேண்டுமென்றே தாண்டவில்லை, கருவி கெட்டதால் தாண்டினார் என்று காட்ட வேண்டும். "அன்னைக்கு சூரியன்ல வெடிப்பு நடந்தது ஒலகத்துக்கே தெரியும். செயற்கைக்கோள் படமே இருக்கு, பத்திரிகையில வந்துச்சு. ஆனா நீதிபதி என்ன கேப்பாரு? இந்தக் கடல்ல, இந்த ராத்திரி, ஜிபிஎஸ் நிக்கும்னு எவன் சொன்னான்னு கேப்பாரு. முன்கூட்டியே ஒரு எச்சரிக்கை, தேதியோட, நேரத்தோட, இந்தக் கரைக்கு வந்துருக்குன்னு காட்டுனா பேசலாம்" என்றார்.

அந்த நிறுவனத்தில் கேட்கலாமே என்றாள் டெல்மா. கேட்டாராம். சோதனை முடிந்தது, ஆபீஸைக் காலி செய்துவிட்டார்கள். அந்த மாடியில் இப்போது டியூஷன் நடக்கிறது. கடுதாசி போட்டால் பதில் இல்லை. செய்தி போனது உலகத்திலேயே ஒரே ஒரு போனுக்கு.

"வந்துருந்தா அவரு வேணும்னேதான போனாருன்னு ஆயிரும், சார்?" என்று கேட்டேன். நான் புத்திசாலித்தனமாகக் கேட்டதாக நினைத்துக்கொண்டேன்.

வக்கீல் என்னைப் பார்த்தார். "ஆகாதும்மா. வந்துச்சு, ஆனா நான் அவருகிட்டச் சொல்லலைன்னு வாங்குனவங்க ஒரு வரி எழுதிக் குடுத்தாப் போதும். அவருக்குத் தெரியாதுன்னு ஆயிரும்" என்றார். பிறகு, "ஒங்களுக்கு வரலைன்னு சொன்னீங்க. இருக்கட்டும். சில நேரம் வந்து, கவனிக்காம அழிஞ்சிருக்கும். அழிஞ்சதையும் எடுக்குற ஆளு மதுரையில இருக்காரு. புதன்கிழம போனக் குடுத்துவிடுங்க, பாத்துருவோம்" என்றார்.

டெல்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "குடுங்கக்கா. மாமா வரட்டும். ஒரு ஆளாச்சும் வரட்டும்" என்றாள். அழிந்ததை எடுப்பார்கள் என்றதும் அவள் முகத்தில் எட்டு மாதத்துக்குப் பிறகு ஒரு வெளிச்சம்.

அழிந்திருக்கவில்லை, தங்கச்சி. அந்தக் குரல் அப்படியே போனில் இருந்தது. வெள்ளி, மத்தியானம் ஒன்று நாற்பது. நான் ஏன் வைத்திருந்தேன் என்று தெரியவில்லை. கழிப்பறையில் கதவைச் சாத்திக்கொண்டு எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் கடைசி வரியை இரண்டு முறை சொல்லும்.

அதைக் கொடுத்தால் அவர் வருவார். வராமலும் போகலாம், வக்கீல் உறுதி சொல்லவில்லை. ஆனால் டெல்மாவுக்குத் தெரிந்துவிடும். அது உறுதி. ஒன்று நாற்பது என்று நேரம் பார்த்தவுடன் அவளுக்கு மேஜை ஞாபகம் வரும். ரீசார்ஜ் ஞாபகம் வரும். இன்னாசியின் அண்ணன் தம்பிகள் மூன்று பேர். அவர்கள் என்னை அடித்தால்கூட வாங்கிக்கொள்வேன். டெல்மா செய்யப்போவதைத்தான் என்னால் வாங்கிக்கொள்ள முடியாது. அவள் ஒன்றும் செய்ய மாட்டாள். பாயைச் சுருட்டிக்கொண்டு போய்விடுவாள்.

அவருக்காக நான் செய்யாதது இல்லை. திங்கள்கிழமை தவறாமல் ராமநாதபுரம் வந்து கலெக்டர் ஆபீஸில் மனு கொடுக்கிறேன். இன்றைக்கும் கொடுத்துவிட்டுத்தான் வருகிறேன். மனு வாங்குகிற அம்மா என்னைப் பார்த்ததும், "வந்துட்டீங்களா" என்று வாங்கிக்கொள்வார்.

மனுக் கொடுத்த பிறகு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மொபைல் கடைக்குப் போனேன். தாடி வைத்த ஒருத்தர், நாற்பது வயசிருக்கும். போனைக் கொடுத்து, "இதுல இருக்குறதெல்லாம் போகணும். ஒண்ணொண்ணா இல்ல, மொத்தமா" என்றேன்.

"விக்கப் போறீங்களாக்கா?"

"ஆமா."

"போட்டோ, வாய்ஸ் எல்லாம் போயிரும். வேணும்ங்கிறது இருந்தாச் சொல்லுங்க, தனியா எடுத்து வச்சிருவோம்."

என் வீட்டுக்காரர் குரலில் பதினோரு செய்தி இருந்தது. படகு கரைக்கு வரும்போது டவர் கிடைத்ததும் அனுப்புவார். ஒன்றை மட்டும் காதில் வைத்துக் கேட்டேன். "ஏய், பின்னாடி ஓடு ஒழுகுது, அரிசி மூட்டையத் தள்ளி வை. கேக்குதா? கேக்குதான்னு கேக்குறேன்ல." அவ்வளவுதான். எல்லாமே அந்த மாதிரிதான் இருக்கும். அதைத் தனியாக எடுத்தால் மதுரைக்காரன் எங்கே எடுத்தாய், எப்போது எடுத்தாய் என்று கேட்பான். போன் எப்படித் தானாகக் காலியாகும்? கையிலிருந்து தண்ணீர்த் தொட்டியில் விழுந்தது என்று சொல்லலாம் என்று வழியிலேயே யோசித்து வைத்திருந்தேன்.

"எதுவும் வேண்டாம்" என்றேன். "அழிச்சா அப்பறம் யாராலயும் எடுக்க முடியாதுல்ல? மதுரையில ஒரு ஆளு எடுப்பாராமே?"

கடைக்காரர் என் கழுத்துச் சிலுவையைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "நான் பண்ணுற மாதிரிப் பண்ணுனா, ஒங்க மாதாவே வந்தாலும் எடுக்க முடியாதுக்கா."

பிறகு போனை என் பக்கம் திருப்பி வைத்தார். "நீங்களே அமுக்குங்க. நாளைக்கி வந்து ஏன் அழிச்சேன்னு என்னக் கேக்கக் கூடாது."

அமுக்கினேன். ஐந்து நிமிஷம் ஆனது. திரை கறுப்பாகி, வெள்ளையாகி, உங்களுக்கு எந்த மொழி வேண்டும் என்று கேட்டது. தமிழைத் தொட்டேன்.